இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்: வாசகர் கேள்வி–பதில்

தமிழக–கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் இம்முறை கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களின் பெயர்களையும், பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியே வெளியிடுகிறோம்.

கேள்வி: என் மகளை அவள் வீட்டுக்காரர் விட்டுப்போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் ஜீப் ஏறி வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள், விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புகிறாள். ஒன்பது வயதுப் பேரனும் ஆறு வயதுப் பேத்தியும் என் பொறுப்பில் இருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை, முட்டியும் முன்போல் இல்லை. வெளியூரில் இலவச இல்லம் ஒன்று இருக்கிறது, சோறும் படிப்பும் அவர்கள் பொறுப்பு, இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள் என்று எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?
— ஒரு பாட்டி, கம்பம் பக்கம்

பதில்: அனுப்ப வேண்டாம், அம்மா. தெருவுக்கு வந்து பிள்ளைகளைக் கேட்கும் அதிகாரம் எந்த இல்லத்துக்கும் கிடையாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துகிறவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவு பெற்ற இல்லமானாலும், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து ஆணையிட்ட பிறகுதான் ஒரு பிள்ளையை அங்கே தங்கவைக்க முடியும். அந்த மனிதர் மறுபடியும் வந்தால் பதிவுச் சான்றையும் குழுவின் ஆணையையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் தெருவில் வேறு எத்தனை வீடுகளில் அவர் பேசியிருக்கிறாரோ!

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஏழ்மையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கை என்பதை நம் சட்டமும் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் படித்துத் தேறித்தான் நானும் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு வந்தேன். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூரை ஒழுகுகிறது, தாய் பகல் முழுவதும் வீட்டில் இல்லை என்ற இரண்டே காரணங்களை எழுதி, மூன்று உடன்பிறப்புகளை இல்லத்துக்குப் பரிந்துரைத்தேன். ஆண், பெண் என்று இல்லங்கள் வெவ்வேறானதால் அண்ணன் ஓர் ஊரிலும் தங்கைகள் வேறோர் ஊரிலும் வளர்ந்தார்கள். அந்தக் கூரைக்கு அன்று தேவைப்பட்டது பத்துத் தகரம். என் அறிக்கையில் தகரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய உதவி, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் வரும் நிதி ஆதரவு. பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர்வதற்காக, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. கணவரை இழந்த, மணமுறிவு பெற்ற, குடும்பத்தாரால் கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளும், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளும், பெற்றோர் கொடிய நோயில் விழுந்த வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு உரியவர்கள். விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சார்ந்த குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். கட்டணம் ஏதும் இல்லை. பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை, படிப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், வருமானச் சான்று ஆகியவற்றோடு, உங்கள் மகள் விஷயத்தில், கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றையும் கேட்பார்கள். அதற்கு இ-சேவை மையத்தில் பதியலாம்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது வருமானச் சான்றில்தான். கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது மாதம் 6,000. ஒரு நாள் கூலியைக் கேட்டு அதை முப்பதால் பெருக்கி எழுதிவிட்டால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மழையில் ஜீப் ஓடாத நாள்களையும், காய் எடுப்பு இல்லாத மாதங்களையும், உடம்புக்கு முடியாமல் நின்ற நாள்களையும் கழித்து, போன ஆண்டு உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதை உங்கள் மகள் கிராம நிர்வாக அலுவலரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையை நாள் கணக்கோடு சொல்லச் சொல்கிறேன். அதன் பிறகும் வரம்பைத் தாண்டினால் இந்த உதவி கிடைக்காது. வரம்பை இவ்வளவு தாழ்வாக வைத்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் அது தாய் தந்தை இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவராலும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலுள்ள பிள்ளைகளுக்கானது. உங்கள் மகள் உழைத்துக்கொண்டிருப்பதால் அதற்காக அலைய வேண்டாம்.

பணம் வரும் வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பேரனும் பேத்தியும் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் காலையும் மதியமும் அங்கேயே சாப்பிட்டுவிடுவார்கள். நீங்கள் சமாளிக்க வேண்டியது பள்ளி விட்டதிலிருந்து மகள் ஜீப்பிலிருந்து இறங்கும் வரையுள்ள மூன்று மணி நேரம். அந்த நேரத்துக்கு நம்பிக்கையான அண்டை வீட்டார் ஒருவரைத் துணைக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். சர்க்கரை மாத்திரையை ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் உங்கள் தெருவுக்கு வருகிறாரா என்று விசாரித்துப் பெயரைப் பதியுங்கள். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் பகல் நேரத் துணை நீங்கள் ஒருவர்தான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவி, காய் எடுப்புக் காலம் வந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. ஒன்றரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். தந்தை குடிப்பவர். “1098-க்குச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர், பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்” என்று தாய் அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?
— ஓர் ஆசிரியை, உடும்பன்சோலை வட்டம்

பதில்: சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதை முதலில் அந்தத் தாய்க்கு நீங்கள் விளக்க வேண்டும். அவருடைய பயம் நடைமுறை தெரியாததால் வந்தது.

1098 அழைப்பு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். தேவைப்பட்டால் விஷயம் குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அந்தக் குழு, பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை பெற்று, பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்யும். மேற்பார்வையோடு பெற்றோரிடமே பிள்ளையை விட்டுவைக்கவும், நிதி ஆதரவுக்குப் பரிந்துரைக்கவும் சட்டம் அந்தக் குழுவுக்கு இடம் தருகிறது. அடித்துக் காயப்படுத்துகிறார்கள், உயிருக்கு ஆபத்து என்பது போன்ற நிலையில்தான் உடனே வேறிடத்துக்கு மாற்றுவது என்ற பேச்சு எழும். பாலியல் வன்முறை நடந்திருக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று தெரிந்தால் மட்டும் இந்த யோசனைகளுக்கு இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமலிருப்பது குற்றம்.

அழைப்பதற்கு முன் வருகைப் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்து, அந்த மாணவி வராத தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஏலக்காயை ஒரே தடவையில் பறித்து முடிப்பதில்லை; ஒரு சுற்று முடிந்து இடைவெளி விட்டு அடுத்த சுற்று வரும். வராத நாள்கள் அந்தச் சுற்றுகளோடு ஒத்துப்போனால், சிக்கல் கைக்குழந்தையை விட இடமில்லை என்பது. கூலி போடும் நாளுக்கு மறுநாளெல்லாம் வராமலிருந்தால், முந்திய இரவு வீட்டில் நடப்பதைத்தான் விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. என் அனுபவத்தில் விசாரணைக்கு வருகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது “எத்தனை நாள் வரவில்லை” என்பதை. “எந்த நாள் வரவில்லை” என்பதைத் தாளில் எழுதிக் கொடுக்கக்கூடியவர் ஆசிரியர் ஒருவரே.

குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது பெண் தொழிலாளர்கள், அல்லது அவர்களுடைய சிறு பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் தோட்டத்திலேயே காப்பகம் நடத்த வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த விதி. பெரிய தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளைக் காம்பரா’ என்ற பேரே நிலைத்துப்போனது அப்படித்தான். ஏலத்தோட்டங்களிலோ சிறு சிறு துண்டுகளாக நிலம் வைத்திருப்போர் மிகுதி. ஆள் கணக்கு எட்டாது. எனவே கடமையும் யார் தலையிலும் விழாது. அங்கன்வாடியில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சத்துணவை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள், பகல் முழுவதும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘பால்னா’ காப்பகம் பக்கத்தில் உண்டா என்று அங்கன்வாடி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பஞ்சாயத்து மெம்பரிடமும், பெண்கள், குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் பஞ்சாயத்தின் ஜாக்ரதா சமிதியிடமும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் மாணவியைப் போல் அதே வார்டில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள். சேர்த்து எழுதினால் அது ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடாது.

தந்தையிடம் “குடியை நிறுத்து” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், சிலருக்கு வலிப்பு வரை வரும். மருத்துவர் பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. கேரளத்தில் குடியிலிருந்து மீள உதவும் விமுக்தி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: கட்டப்பனைப் பக்கம் படித்துக்கொண்டிருந்த மகனைப் போடியில் சேர்க்கப் போனால், டி.சி. வந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். பழைய பள்ளியில் அடுத்த மாதம் வா என்கிறார்கள்.
— ஒரு தந்தை, போடிநாயக்கனூர்

பதில்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவு. மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும் பழைய பள்ளி உடனே சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். இதை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக் கேட்டவுடனேயே பாதி இடங்களில் சேர்க்கை நடந்துவிடும்.

கேள்வி: கணவர் வீடு கம்பத்தில். அடி தாங்காமல் நாலு வயது மகளோடு குமுளியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே கேட்டால் சம்பவம் நடந்த இடத்துக்குப் போ என்கிறார்கள். அங்கே கேட்டால் நீ இருப்பது கேரளம் என்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இருவர் சொல்வதும் தவறு, தங்கையே. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நடுவர் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். அது தரும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி குறிக்க வேண்டும். பாதுகாப்பு ஆணை, பராமரிப்புத் தொகை, மகளைத் தற்காலிகமாக உங்களிடமே வைத்துக்கொள்ளும் ஆணை ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். மகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சத்தில்தான் பல பெண்கள் அடி விழும் வீட்டுக்கே திரும்புகிறார்கள் என்பதால் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மனுவை எழுதுவதற்குப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, எண் 15100. காவல் நிலையத்தில் புகாரை எல்லை காரணம் சொல்லித் திருப்பியனுப்ப முடியாது. எந்த நிலையமானாலும் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இரவில் தேவைப்பட்டால் 181-ஐயோ 112-ஐயோ அழையுங்கள். கேரளத்துப் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் ‘சிநேகிதா’ மையத்தில் தற்காலிகமாகத் தங்கவும் இடம் கிடைக்கும்.

கேள்வி: தோட்டத்து லைன் வீடுகளான ஒரே லயத்தில், ஒரே கூலியில் வாழும் இரண்டு குடும்பங்களில் ஒன்று நிமிர்ந்துவிடுகிறது, மற்றொன்று சிதறிப்போகிறது. மனவுறுதிதானே காரணம்? மாதாமாதம் பணம் கொடுத்தால் சோம்பல்தானே வரும்?
— ஒரு வாசகர், உத்தமபாளையம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். மாதம் 4,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 133 ரூபாய். அதை நம்பி எந்தத் தாயும் மறுநாள் ஜீப்பில் ஏறாமல் இருந்துவிடப் போவதில்லை. அந்தத் தொகை செய்யும் வேலை வேறு. காய்ச்சல் கண்ட பிள்ளையோடு ஒரு நாள் வீட்டில் நின்றால் அன்றைக்கு வட்டிக்குக் கடன் வாங்க வேண்டிய நிலையை அது தவிர்க்கிறது.

மனவுறுதியைப் பற்றிய கேள்வியை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை அவர்கள் நடுவயது எட்டும் வரை அவரும் அவருடைய குழுவினரும் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத சண்டை எனப் பல இடர்கள் ஒன்றாகச் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பொறுப்பும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். கரும்பும் அன்னாசியும் விளையும் தோட்டங்களில் கூலி வேலைக்குக் குடியேறியவர்களின் வழிவந்தோர் நிறைந்த தீவு அது என்பதால், நம் மலைக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதியாக எனக்குத் தோன்றவில்லை. அப்படி நிமிர்ந்தவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, சிறு வயதில் விட்டுப்போகாமல் உடனிருந்த ஒரு பெரியவர். தாயாக இல்லாவிட்டாலும் பாட்டியாகவோ அத்தையாகவோ அண்டை வீட்டாராகவோ இருந்திருக்கிறார். உறுதி இருந்தது, மறுக்கவில்லை. அதற்கு ஊன்றிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார்.

வீடு வீடாகப் போன நாள்களில் நான் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு லைன் வீட்டில், கணவர் இறந்து ஓராண்டுகூட ஆகாத பெண், அடுப்பு மேட்டுக்கு மேலே ஆணியில் தொங்கிய ஜவுளிக்கடைப் பையை எடுத்து என் முன் கொட்டினார். ரேஷன் அட்டை, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, இறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாம் புகை படிந்த நெகிழித்தாளில் சுற்றி அதில் இருந்தன. “நான் மலையிலிருந்து திரும்பாமப் போனா, எந்தப் பையை எடுக்கணும்னு மூத்தவளுக்குத் தெரியும் சார்” என்றார். அடுத்த வீட்டில் இதே தாள்கள் ஒரு கந்துக்காரரிடம் அடகில் இருந்தன. ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பமே எழுத முடியவில்லை. முதல் பெண்ணுக்கு அயல்கூட்டம் என்ற குடும்பஸ்ரீக் குழு இருந்தது. குறைந்த வட்டிக்குக் கடனும் கிடைத்தது, வாரம் ஒரு நாள் நாலு பேரிடம் வாய்விட்டுப் பேசவும் முடிந்தது. இரண்டாவது வீட்டார் பருவத்துக்குப் பருவம் தோட்டம் மாறியவர்கள். எந்தக் குழுவிலும் பெயர் இல்லை. இரண்டு வீட்டுப் பெண்களில் யாருக்கு மனவுறுதி குறைவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கேள்வி: எங்கள் இளைஞர் குழு, தந்தையை இழந்த பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வழங்கவிருக்கிறது. நன்கொடையாளர்களுக்குக் காட்ட, பிள்ளைகளின் பெயரோடு படம் எடுத்துப் பகிரலாமா?
— குழுச் செயலாளர், கூடலூர்

பதில்: கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று சட்டம் கருதும் எவருடைய பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனின் வீட்டுக் கைப்பேசியிலும் அந்தப் படம் வந்து நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். நன்கொடையாளர்களுக்கு வாங்கிய பொருள்களின் ரசீதை அனுப்பினால் போதும். மேடை போடாமல், பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் வீட்டுக்கே கொண்டுபோய்த் தாயிடமோ பாட்டியிடமோ கொடுங்கள். போகும்போது நிதி ஆதரவு விண்ணப்பப் படிவம் பன்னிரண்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.